நாலு மூலையிலும் வலை முடிச்சு

1

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பனியைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் எழுதுவார்கள். நான் எழுதப்போவது என் பொறாமையைப் பற்றி. ஊரில் காணி வாங்கினவளைப் பார்த்தோ மாடி கட்டினவளைப் பார்த்தோ எனக்கு ஒன்றும் இல்லை. திருகோணமலையில் ஒரு விறாந்தையில், பிரம்புக் கதிரையில் இருந்து துணி தைக்கிற ஒருத்தியைப் பார்த்துத்தான் மாதக் கணக்காக எனக்கு வயிறு எரிகிறது.

அந்தக் கதிரை என் சிநேகிதி றஸீனா வீட்டுக் கதிரை. றஸீனா குறிஞ்சாக்கேணியில் பிறந்தவள், கலியாணம் முடித்துத் திருகோணமலை ரவுனுக்கு வந்தவள். மூதூர் லோஞ்ச் வந்து நிற்கிற இறங்குதுறைக்குக் கிட்டத்தான் வீடு. விறாந்தையில் இருந்தால் துறைமுகத்துக் காற்று நேரே முகத்தில் அடிக்கும். யன்னலோரத்துக் கதிரையில் இருந்தால் வெளிச்சம் இடது தோளுக்கு மேலால் துணியில் விழும். கையால் தைக்கிறவர்களுக்குத் தெரியும், அப்படி ஓர் இடம் கிடைப்பது லேசில்லை. நான் ஊரை விட்டு வருமட்டும் அது என் இடம். வேறு யாரும் இருந்தால் றஸீனாவே எழுப்பிவிடுவாள்.

இப்போது சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவள் வீட்டில் ஆறேழு பெண்கள் கூடித் துண்டுப் போர்வை தைக்கிறார்கள். தையல்கடையில் மிஞ்சுகிற வெட்டுத்துண்டுகளையும் பழைய சட்டை, சாரங்களையும் சதுரம் சதுரமாக வெட்டிப் பொருத்தி, அடியில் இரண்டு பழைய நூல் சீலைகளை வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து நூலோட்டி எடுப்பார்கள். போர்வையைப் பாயில் விரித்து, சுற்றிவர இருந்து, ஆளுக்கொரு பக்கத்தால் தைத்துக்கொண்டு வருவார்கள். கை தைக்கும், வாய் கதைக்கும். பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று போகும், புது வீடு போனவளுக்கு ஒன்று போகும், ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி வந்தவளுக்கும் ஒன்று போகும்.

வாராவாரம் றஸீனா படம் அனுப்புவாள். அங்கே பின்னேரம் நாலு மணி என்றால் இங்கே நோர்வேயில், பேர்கனில் மதியம். நான் சோறு வடித்துக்கொண்டு நிற்கிற நேரம் படம் வந்து விழும். பக்கத்தில் இஞ்சித் தேத்தண்ணி, ஒரு தட்டில் ரொட்டி, நடுவில் அந்தப் போர்வை. பார்த்துவிட்டு ஒரு இதயப் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சோற்றைக் கவனிப்பேன். அதுவரைக்கும் பெரிய எரிச்சல் இல்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை வந்த படத்தில் பிரம்புக் கதிரையில் ஒரு புது ஆள் இருந்தாள்.

"ஆரடி அது என்ர கதிரையில?" என்று குரல் பதிவு அனுப்பினேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"அது தவமணி புள்ள, சாம்பல்தீவு" என்று றஸீனா பதில் அனுப்பினாள். "அவக்கு முதுகு நோவு. பாயில இரிக்க ஏலா. அதான் கதிரையக் குடுத்த."

முதுகு நோவு எனக்கும்தான் இருக்கிறது. அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

2

நானும் றஸீனாவும் பழகியது ரவுனில் நடந்த ஒரு தையல் வகுப்பில். இரண்டு பேருக்கும் பத்தொன்பது வயது. வகுப்பில் மிஞ்சின துண்டுகளைச் சேர்த்து வைத்து முதல் போர்வையைத் தைத்தோம். தோய்த்து வேலியில் காயப்போட்டிருந்தபோது மான் ஒன்று வந்து ஒரு மூலையைச் சப்பிவிட்டது. எங்கள் ரவுனில் மான்கள் ஆடுகளுடன் ஆடாகத் திரிவது உங்களுக்குத் தெரியும். றஸீனா விழுந்து விழுந்து சிரித்தாள். "மானுக்கும் ஒரு பங்கு இரிக்குப் போல" என்றாள். அந்த ஓட்டையில் மான் மாதிரி ஒரு துண்டை வெட்டி ஒட்டுவோம் என்றும் சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வரிசை முழுவதையும் பிரித்து, புதிதாகச் சதுரம் வெட்டி, திரும்பவும் தைத்தேன்.

அப்போதே நான் அப்படித்தான். எனக்குக் கோணல் பிடிக்காது. என் நூலோட்டம் மழை பெய்த அடுத்த நாள் எறும்பு போகிற மாதிரி ஒரே கோட்டில் ஒரே இடைவெளியில் போகும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் உண்மை. வகுப்பில் யார் தைத்ததையும் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தே இது இன்னாரின் கை என்று சொல்லிவிடுவேன். பிழையாய் இருந்தால் சவர பிளேட்டை எடுத்துத் தையலைப் பிரித்துக் கொடுப்பேன். ரீச்சரே "சுகந்தியிட்டக் காட்டிப்போட்டு வாங்கோ" என்றுதான் மற்றவர்களை அனுப்புவார்.

ஆகவே தவமணியின் கையையும் படத்தில் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். விரலால் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். றஸீனா சொல்லித் தெரியும், அவள் சாம்பல்தீவில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவள், சின்ன வயதில் இருந்து கிழிந்த வலை பொத்தினவள். அந்தப் பழக்கம் போர்வையிலும் வந்துவிட்டது. ஒவ்வொரு சதுரத்துக்கும் நாலு மூலையிலும் வலைக்குப் போடுகிற முடிச்சு, அதுவும் துணியின் மேல்பக்கத்தில், நூல் வால் வெளியே தெரிய. தையல் எல்லாம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. முடிச்சை உள்ளே ஒளிக்கத் தெரியாதவளுக்கா என் கதிரை என்று நினைத்தேன்.

என் மனிசனுக்குப் படத்தைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, "வடிவாத்தானே கிடக்கு" என்றார். மனிசனிடம் தையலைக் காட்டியது என் பிழை.

3

நோர்வேயில் எனக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். அங்கே இருக்கிறவர்களின் உடுப்பு மாறிப் போகாமல் ஒவ்வொன்றிலும் பெயர்த் துண்டு தைக்க வேண்டும். சட்டைக் கழுத்தில், காலுறையில், இரவுச் சட்டையில், நாள் முழுக்கப் பெயர் தைக்கிறேன். பேச்சுத்துணைக்குச் சலவை இயந்திரம் இருக்கிறது.

வந்த புதிதில் வேலைப் பதிவு அலுவலகத்தில் என்ன தெரியும் என்று கேட்டார்கள். எனக்குத் தையல் தெரியும் என்று சொன்னேன். இந்த மொழியில் தைப்பதும் நோய்ப்படுவதும் கிட்டத்தட்ட ஒரே ஓசை. அந்தப் பெண் மிகவும் இரக்கத்தோடு என்னைப் பார்த்துவிட்டு, வைத்தியரிடம் போவதற்கான ஒரு படிவத்தை எடுத்துத் தந்தாள். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று கிழமைக்குப் பிறகுதான் விளங்கியது.

நூலகத்தில் மாதம் ஒருமுறை இந்த ஊர்ப் பெண்கள் போர்வை தைக்கக் கூடுவார்கள். நானும் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் துணியைக் கடையில் புதிதாக வாங்கிக்கொண்டு வந்து, அதைத் துண்டு துண்டாக வெட்டி, திரும்பவும் பொருத்துகிறார்கள். எல்லாரும் ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு மெசின், ஆளுக்கொரு போர்வை. ஒருத்தியின் போர்வையில் மற்றவள் ஊசி வைப்பதில்லை. நான் எழும்பிப் போய்ப் பக்கத்து மேசைக்காரியின் ஓரத்தைப் பிடித்துத் தைக்கத் தொடங்க, அவள் பதறிப்போய்த் துணியை இழுத்துக்கொண்டாள். அதோடு போகவில்லை.

எனக்கு இருந்த ஒரே ஆசை என் மகள் ஆரணி. மகள் பிறந்தவுடனேயே, இவளோடு இருந்து தைக்கலாம் என்று நினைத்துவிட்டேன். ஒரு போர்வைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. சின்னதில் ஊசியைக் கையில் எடுத்த பிள்ளை, பத்து வயதுக்குப் பிறகு தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேட்டால், "எனக்கு ஏலாது அம்மா, விருப்பமில்லை" என்பாள். பொத்தான் கழன்றால்கூட நான் வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத் தானே எப்படியோ தைத்துக்கொள்வாள். இப்போது இருபத்துநாலு வயது. ஒஸ்லோவில் வேலை, ரயிலில் ஏழு மணித்தியாலத் தூரம். தனியாக ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறாள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தையல் எங்கே வரும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

4

அந்தப் பிள்ளைதான் போன மாரிக்கு முதல் மூன்று கிழமை லீவு எடுத்துக்கொண்டு திருகோணமலைக்குப் போனாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. றஸீனா வீட்டில்தான் தங்கினாள். கோணேசர் கோவிலுக்குப் போனேன், நிலாவெளிக் கடலில் குளித்தேன் என்று படம் வந்துகொண்டிருந்தது. நானும் சந்தோஷமாக எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

முதல் சனிக்கிழமை மதியம் றஸீனாவின் படம் வந்தது. அதில் ஆரணி பாயில் சம்மணம் கட்டி இருக்கிறாள். கையில் ஊசி. பக்கத்தில் பிரம்புக் கதிரையில் இருந்து தவமணி குனிந்து அவளுடைய விரலைப் பிடித்து ஏதோ காட்டுகிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

சோறு குழைந்துபோனது. அன்றைக்கு அதை அப்படியே சாப்பிட்டோம்.

கதிரை போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நான் கேட்டுக் கேட்டு அலுத்ததை இவள் கேட்காமலே வாங்கிக்கொண்டாளே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. றஸீனாவுக்கு எடுத்து, "என்னண்டு பிள்ளை தைக்க இருந்தவள்?" என்று கேட்டேன்.

"நாங்க ஒண்டும் சொல்லல்ல புள்ள. அவளே வந்து இரிந்த" என்றாள் றஸீனா.

"தவமணிதான் காட்டிக் குடுக்கிறாவோ?"

"ஓம், அவக்கு நல்ல பொறுமை."

அந்தப் பொறுமை என்ற சொல் இரண்டு நாள் என் காதுக்குள்ளேயே கிடந்தது. எனக்குப் பொறுமை இல்லையோ? பொறுமை இல்லாமலா இருபத்தாறு வருடமாகக் கிழவர்களின் காலுறையில் பெயர் தைக்கிறேன்?

ஆரணி திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு ஒஸ்லோவுக்குப் போனாள். வாய் திறந்தால் தவம் அன்ரி. தவம் அன்ரி நண்டுக்கறிக்கு முருங்கையிலை போடுவாவாம். தவம் அன்ரி லோஞ்ச் சத்தத்தை வைத்தே நேரம் சொல்லுவாவாம். "தவம் அன்ரியை உங்களுக்கும் பிடிக்கும் அம்மா" என்றாள். எனக்கு ஏன் பிடிக்க வேண்டும்? ஊசியை எடுத்து அவள் முன்னால் வைத்து, "வா, இஞ்ச இருந்து ரெண்டு பேரும் தைப்பம்" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "இப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டாள்.

"உனக்கு உவ்வளவு பொறாமை எண்டால் ரிக்கெட் எடுத்துக்கொண்டு போய், அவளைக் கதிரையால எழுப்பிப்போட்டு நீ இரு" என்றார் இவர். பகிடிதான். ஆனால் நான் அன்றைக்கு ரிக்கெட் விலை பார்த்தது உண்மை.

5

பொதி வந்தது அதற்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு. பொதி வரவில்லை, கடிதம்தான் முதலில் வந்தது. சுங்கப் பகுதியில் இருந்து. இலங்கையில் இருந்து உங்களுக்கு ஒரு பொருள் வந்திருக்கிறது, அது என்ன, புதியதா பாவித்ததா, யார் தயாரித்தது என்று கேட்டிருந்தார்கள்.

ஒரு போர்வை வருகிறது என்று மட்டும் றஸீனா முதலே சொல்லியிருந்தாள். தொலைபேசியில் எடுத்து, துண்டுகள் பாவித்தவை, போர்வை புதியது என்று சொன்னேன். ஏதாவது ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம் என்றான் அந்த அலுவலர். அப்படியென்றால் பாவித்தது என்றேன். யார் பாவித்தது என்று கேட்டான். ஏழு குடும்பம் என்றேன். படிவத்தை நிரப்பி அனுப்புங்கள் என்றுவிட்டு வைத்துவிட்டான். கடிதத்தோடு வந்த படிவத்தில் தயாரித்தவர் பெயருக்கு ஒரேயொரு கோடுதான் இருந்தது. நான் றஸீனாவின் பெயரை எழுதினேன். தவமணியின் பெயரையும் எழுதியிருக்கலாம், நெருக்கி எழுதினால் இடம் காணும். எழுதவில்லை.

பொதியைப் பிரித்தால் ஆரணியின் புது வீட்டுக்காக எல்லாரும் சேர்ந்து தைத்த போர்வை. துறைமுகத்து உப்புக் காற்றும் றஸீனா வீட்டுச் சாம்பிராணியும் கலந்த மணம் இன்னும் அதில் இருந்தது. நடுவெல்லாம் முடித்திருந்தார்கள், சுற்றிவர ஓரம் மட்டும் கட்டாமல் விட்டிருந்தது. ஒரு துண்டுக் கடதாசியில் றஸீனா எழுதியிருந்தாள்: "ஓரம் உனக்கு. சுத்திவர நீதான் கட்டணும்."

சொன்னால் நம்புங்கள், அழுதேன். வேலைக்கு மூன்று நாள் லீவு போட்டேன். யன்னலடியில் மேசையை இழுத்துப் போட்டு, மடியில் போர்வையை விரித்து, நாடா வெட்டி, ஓரம் கட்டத் தொடங்கினேன். ஒவ்வொரு சதுரத்தையும் கடக்கும்போது இது றஸீனாவின் கை, இது அவளுடைய மருமகளின் கை என்று புரட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். வகுப்பில் எங்களுடன் இருந்த ஒருத்தியின் கையையும் கண்டுபிடித்தேன். தனியாகத்தான் இருந்தேன், ஆனால் எல்லாரோடும் இருப்பது போல இருந்தது.

மூன்றாம் நாள், கடைசி மூலைக்கு வந்தேன். நீலக் கட்டம் போட்ட சாரத் துண்டு. நாலு மூலையிலும் வலை முடிச்சு. நூல் வால் வெளியே. தையல் சரிந்து, இடையில் இரண்டு இடத்தில் பாய்ந்து, ஓர் இடத்தில் நூல் இழுபட்டுத் துணி சுருங்கியும் கிடந்தது. வேறு எல்லாவற்றையும் விட மோசமாய் இருந்தது. என் பிள்ளையின் வீட்டுக்குப் போகிற போர்வையில் அவள் கடைசி மூலையைப் பிடித்துவிட்டாளே என்று நினைத்தேன்.

முதலில் அதைக் கடந்துபோய் ஓரத்தைக் கட்டினேன். பிறகு திரும்பி வந்தேன். பிளேட்டை எடுத்தேன்.

முடிச்சுகள் நாலையும் வெட்டி, நூலை இழுத்து எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு முடிச்சு மட்டும் இறுகிப்போய் வர மறுத்தது. அதைக் கிள்ளி எடுக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாய் இருக்கிறது, ஆனால் இருந்தது. பிறகு அதே சதுரத்தை என் கையால், நேராக, ஒரே இடைவெளியில் தைத்து முடித்தேன். வெட்டின நூல்களைக் கூட்டிக் குப்பையில் போட்டேன். அன்றைக்கு நல்ல பசி எடுத்துச் சாப்பிட்டேன்.

6

அடுத்த கிழமை ஆரணி போர்வையை எடுத்துப்போக வந்தாள். சனிக்கிழமை காலை. சப்பாத்தைக் கழற்றின கையோடு, "எங்க அது?" என்றாள். சோபாவில் விரித்துக் காட்டினேன். ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள், வடிவாய் இருக்கிறது என்று சொல்வாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் ஓரத்தைப் பார்க்கவில்லை. நேரே கடைசி மூலையைத் தேடிப் பிடித்தாள். குனிந்து பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள். மற்ற மூன்று மூலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பவும் இதற்கே வந்தாள்.

"அம்மா, என்ர துண்டு எங்க?"

"எந்தத் துண்டு?"

"இந்த நீலத் துண்டுதான். மூலையில முடிச்சு இருந்தது."

"அது தவமணி தைச்சதெல்லோ?" என்றேன்.

"இல்லை. அது நான் தைச்சது. முடிச்சு மட்டும் தவம் அன்ரி காட்டித் தந்தவ."

வகுப்பில் எல்லாருடைய கையையும் புரட்டிப் பார்த்துச் சொன்னவள், என் பிள்ளையின் கையைக் கண்டுபிடிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பேன்? அவள் தைத்ததை நான் பார்த்ததில்லையே.

"நீங்கள் அதைக் கழட்டிட்டீங்கள்" என்றாள் ஆரணி. தையலைக் கழட்டுகிறதில்லை, பிரிக்கிறது. திருத்த வாயெடுத்துவிட்டு, நல்ல காலம், மூடிக்கொண்டேன்.

"தெரியாமல் செய்துபோட்டன் பிள்ளை. அவ தைச்சதெண்டு நினைச்சு..."

"அவ தைச்சதெண்டால் கழட்டலாமா?"

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மெல்லமாகத்தான் கதைத்தாள். "இது ரெண்டாம் தரம் அம்மா" என்றாள்.

"எது ரெண்டாம் தரம்?"

"பள்ளிக்கூடத்தில நான் ஒரு பை தைச்சனான். சிவப்பு. மீன் படம் போட்டது. உங்களுக்குத் தர எண்டுதான் தைச்சனான். ஆனா முடிக்க முதல் நீங்கள் கண்டிட்டீங்கள். முழுக்கக் கழட்டி, நீங்களே வடிவாத் தைச்சு, என்ர புத்தகப் பாக்கில வைச்சு விட்டீங்கள். ரீச்சர் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினவ. எனக்கு அழுகை வந்தது. அது உங்கட பை."

நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், எனக்கு அந்தப் பை ஞாபகமே இல்லை. சிவப்பும் இல்லை, மீனும் இல்லை. அவளுக்கு உதவி செய்ததாக நினைத்து அன்றைக்கே மறந்திருப்பேன். பதினாலு வருடமாக ஏன் ஊசி தொடவில்லை என்று நான் இந்த நாட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆரணி எழும்பிப் போய் யன்னலடியில் நின்றாள். வெளியே மழை. இவர் நிலைமையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறேன் என்று நழுவிவிட்டார்.

7

மதியம் றஸீனாவுக்கு எடுத்தேன். அங்கே எல்லாரும் கூடியிருக்கிற நேரம் என்று தெரிந்துதான் எடுத்தேன். செய்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"அல்லாஹ்வே, நீ இன்னும் மாறல்லியா புள்ள?" என்றாள் றஸீனா. "இஞ்ச எங்களுக்கு ஒரு சட்டம் இரிக்கு. ஒருத்தி தச்சத்த மத்தவ பிரிக்கப்படாது. கோணலெண்டா கோணலாவே கிடக்கட்டும். ஒனக்குத் தெரியாதா?"

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. எப்ப போட்ட சட்டம்?"

"நீ போன பொறகுதான் போட்ட."

"நான் போன பிறகோ?"

"பின்ன? நீ இரிக்கக்குள்ள யாருக்கு வாய் திறக்க ஏலும்? நீ பிரிச்சிப் பிரிச்சி ரெண்டு பேர் வகுப்புக்கே வராம நிண்டுட்டாங்க. ஒண்டும் ஒன்ட கையால தச்ச மாதிரி வடிவா இரிக்காது, அது உண்மை. ஆனா புள்ள, நாங்க எல்லாரும் வாறமே, அதப் பாரு."

அவள் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பின்னால் தேத்தண்ணிக் கோப்பைச் சத்தமும் பெண்களின் கதையும் கேட்டது. அதற்குள் யாரோ தொலைபேசியை வாங்கினார்கள்.

"அக்கா, நான் தவமணி கதைக்கிறன்."

அவளுடைய குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கரகரத்த குரல், கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது.

"பிள்ளை அந்தத் துண்டை மூண்டு சனிக்கிழமை வைச்சுத் தைச்சவ அக்கா. விரலெல்லாம் குத்தி இரத்தம். நடுவில வைப்பம் எண்டு நாங்கள் கேட்டனாங்கள். இல்லை, மூலையிலதான் வைக்கவேணும் எண்டவ. 'ஓரம் அம்மாதான் கட்டுவா, மூலைக்கு வந்தால் என்ர துண்டைக் காணாமல் போகமாட்டா' எண்டு சொன்னவ. அதான் அக்கா. நீங்கள் கண்டனீங்களோ?"

ஓம், கண்டேன் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? அவள் பிறகும் ஏதோ சொன்னாள், நான் சரியாகக் கேட்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. கேட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை. "கதிரை வசதியா இருக்கோ?" என்றுதான் வாயில் வந்தது. "நல்ல வசதி அக்கா" என்றாள் பாவம்.

தொலைபேசியை வைத்துவிட்டு மேசைக்குப் போய், போர்வையை மடியில் போட்டேன். என் தையலைப் பிரித்துவிட்டு ஆரணி குத்தின பழைய துளைகளுக்குள்ளேயே கோணலாகத் தைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை. அதற்கும் பிளேட்டைத்தான் எடுத்தேன். அப்போது ஆரணி வந்து என் கையில் இருந்து பிளேட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"விடுங்கோ. உங்கட தையலும் கிடக்கட்டும். நான் அதுக்கு மேலால தைக்கிறன்."

"வா, நான் இந்தப் பக்கம் பிடிக்கிறன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "இல்லை அம்மா. நீங்கள் குசினிக்குப் போங்கோ. முடியும் வரைக்கும் பார்க்கப்படாது."

போனேன். சோறு வடிக்க வேண்டியும் இருந்தது. கதவை அவள் சாத்தவில்லை, நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஊசி துணிக்குள்ளால் நூலை இழுக்கிற சத்தம் கேட்டது. இடைவெளி ஒரு மாதிரி இல்லை, ஒன்று நீளம், ஒன்று கட்டை. காதாலேயே எனக்குத் தெரிந்தது. குசினி மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் யாருக்கோ வீடியோவில் எடுத்தாள்.

"தவம் அன்ரி, முடிச்சுக்கு நூலை ரெண்டு தரம் சுத்திறதோ, மூண்டு தரமோ?"

"ரெண்டு தரம் காணும் பிள்ளை. கிட்டக் காட்டு பாப்பம். ஐயோ, அது முடிச்சில்லை, மூஞ்சூறு!"

என் மகள் சத்தமாகச் சிரித்தாள். நான் தைக்கச் சொல்லி இருக்க வைத்த நாட்களில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் குசினியை விட்டு வெளியே போகவில்லை. அவள் நாலாவது முடிச்சையும் போட்டு முடித்து, "அம்மா, இனி வரலாம்" என்று கூப்பிடும்வரை அங்கேயே நின்றேன்.